கெட்டுப்போனதை யார் சொல்வது?



சற்று நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். இந்த முறை கோட்டையோ கல்வெட்டோ இல்லை. ரயில் தண்டவாளத்தில் தொடங்கிக் கம்ப்யூட்டரில் முடியும் ஒரு வரலாறு.

என்னிடம் படித்தவர்களில் பலர் இன்று பெங்களூரிலும் சென்னையிலும் கடல் கடந்தும் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறீர்கள். ஊருக்கு வரும்போது "என்ன வேலை சாமி?" என்று கேட்டால், "சர்வர் மானிட்டரிங் சார், நைட் ஷிஃப்ட்" என்கிறீர்கள். எங்கோ ஒரு கட்டடத்தில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் ஓடுகின்றன. அவற்றில் ஒன்று படுத்துவிட்டால் உங்கள் திரையில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். அதைப் பார்த்து நீங்கள் ஓட வேண்டும். வேலை இவ்வளவுதான் என்று நீங்கள் சாதாரணமாகச் சொல்கிறீர்கள். எனக்கு அது சாதாரணமாகத் தெரியவில்லை. படுத்துப்போன கம்ப்யூட்டர், தான் படுத்துவிட்டதை எப்படிச் சொல்லும்?

இந்தக் கேள்வி கம்ப்யூட்டரைவிட வயதில் மூத்தது. அதற்கான விடைகளை மனிதர்கள் பல உயிர்களைக் கொடுத்துத்தான் கற்றார்கள்.

முதலில் நம் ஊர் ரயிலில் இருந்து வருவோம். சேலத்துக்கு ரயில் வந்தது 1861-ல். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையில் உள்ள பேப்பூர் வரை மெட்ராஸ் ரயில்வே கம்பெனி போட்ட பாதை அது. சூரமங்கலத்தில் இன்று நீங்கள் இறங்கும் ஜங்ஷன் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. பழைய கைகாட்டி மரத்தை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். கை நேராக நீட்டியிருந்தால் நில். கீழே சாய்ந்திருந்தால் போ. ஸ்டேஷனில் லீவரை இழுத்தால் நீளமான கம்பி வழியாகக் கை சாயும்.

அந்தக் கம்பி நடுவில் அறுந்துபோனால் என்ன ஆகும்? கைகாட்டியின் அடியில் ஒரு எடைக்கட்டி வைத்திருப்பார்கள். கம்பி அறுந்தால் அந்த எடை கீழே இறங்கி, கையைத் தானாகவே நேராக நிறுத்திவிடும். "போ" என்று சொல்வதற்கு ஒரு ஆள் முயற்சி எடுத்து லீவரை இழுத்துப் பிடிக்க வேண்டும். "நில்" என்று சொல்வதற்கு யாரும் ஒன்றும் செய்ய வேண்டாம். எது கெட்டுப்போனாலும் ரயில் நிற்கும். கெட்டுப்போவதே செய்தியாக மாறும்படி செய்த ஏற்பாடு இது.

ரயில் பிரேக்கிலும் இதே கதைதான். அமெரிக்காவின் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-ல் முதலில் செய்த காற்று பிரேக்கில், காற்றை அனுப்பினால்தான் பிரேக் பிடிக்கும். நடுவில் குழாய் அறுந்தால் பிரேக்கே இல்லை. 1872-ல் அவரே அதைத் தலைகீழாக மாற்றினார். காற்று நிறைந்திருக்கும் வரை பிரேக் விட்டிருக்கும். காற்று குறைந்தால் பிடித்துக்கொள்ளும். பெட்டி கழன்றாலும் குழாய் அறுந்தாலும் ரயில் தானாக நின்றுவிடும்.

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கம் லாரியோடு பிழைக்கும் நம் உறவுகளுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். ஏர் பிரஷர் குறைந்தால் டிரைவர் முன்னால் பஸ்ஸர் கத்தும். அதையும் மீறிக் காற்று இறங்கினால் ஸ்பிரிங் பிரேக் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். முதலில் சொல்லும், சொல்லியும் கேட்காவிட்டால் நிறுத்தும்.

அடுத்தது ரோந்து. மழைக்காலத்தில் பாலம், கரை, வெட்டுப்பள்ளம் உள்ள இடங்களில் இரவில் ஆட்கள் விளக்கோடு தண்டவாளத்தில் நடந்து பார்ப்பார்கள். ரயில்வே விதியில் ஓர் அருமையான விஷயம் உண்டு. குறித்த நேரத்துக்கு ரோந்துக்காரர் ஸ்டேஷனுக்கு வந்து சேராவிட்டால், ஸ்டேஷன் மாஸ்டர் "சரி, வருவார்" என்று விட்டுவிடக் கூடாது. அந்தப் பாதையில் ஏதோ ஆபத்து என்றே எடுத்துக்கொண்டு, அடுத்த ரயிலின் டிரைவரை எச்சரித்துத்தான் அனுப்ப வேண்டும். வெள்ளம் ரோந்துக்காரரையே அடித்துக்கொண்டு போயிருக்கலாம் அல்லவா? செத்தவர் வந்து செய்தி சொல்ல மாட்டார். அவர் வராததுதான் செய்தி.

இதை உங்களுக்கு இன்னும் எளிதாகச் சொல்கிறேன். காலையில் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் வாசிப்பேன். "உள்ளேன் ஐயா" என்று குரல் வரும். வராதவன் எழுந்து "நான் இன்று வரவில்லை ஐயா" என்று சொல்ல முடியுமா? குரல் வராததை வைத்துத்தான் அவன் வரவில்லை என்று எழுதுவோம். பெயர் வாசிக்காமல், "யார் யார் வரவில்லையோ அவர்கள் சொல்லுங்கள்" என்று கேட்டால், அன்று வகுப்பில் எல்லோரும் வந்ததாகத்தான் கணக்கு இருக்கும்.

இவ்வளவு தெரிந்திருந்தும் 1956 நவம்பர் 23 வந்தது. அன்று விடியற்காலையில் சென்னையிலிருந்து சென்ற தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்றில் கவிழ்ந்தது. கனமழையில் ஆறு பெருகிப் பாலத்தை அரித்திருந்தது. 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அமைச்சர் பதவி விலகியதை நாம் பாடத்தில் படித்தோம், நானும் நடத்தினேன். ஆனால் அதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பாலம் பலவீனமாகிவிட்டது என்ற செய்தி, அந்தப் பாலத்தின் மேல் ஏறப்போகும் டிரைவருக்குப் போய்ச் சேரவில்லை.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். கம்ப்யூட்டரில் எல்லா வேலைகளையும் பங்கிட்டுக் கொடுத்து மேய்க்கும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். விண்டோஸ், லினக்ஸ், உங்கள் கைப்பேசியில் உள்ள ஆண்ட்ராய்டு எல்லாம் அதுதான். பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியர் மாதிரி. ஒரு மாணவனுக்குக் காய்ச்சல் என்றால் தலைமையாசிரியர் வீட்டுக்குத் தகவல் சொல்லிவிடுவார். தலைமையாசிரியரே மயங்கி விழுந்தால்?

சிறிய கோளாறுகளை எழுதிவைக்க நல்ல வழி கண்டுபிடித்தார்கள். 1980-களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் என்பவர், தாம் எழுதிய அஞ்சல் மென்பொருளுக்காக 'சிஸ்லாக்' என்ற முறையை உருவாக்கினார். யூனிக்ஸ், லினக்ஸ் உலகம் முழுவதும் அது பரவியது. அதில் செய்திகளுக்கு 0 முதல் 7 வரை எட்டுப் படிகள். 0 என்றால் கம்ப்யூட்டரே பயன்படாத நிலை. 7 என்றால் பொறியாளர் மட்டும் பார்க்க வேண்டிய சில்லறைக் குறிப்பு. எதற்கு ஓட வேண்டும், எதைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்துச் சொல்வது எவ்வளவு முக்கியம் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மணி அடித்தால் 'புலி வருது' கதைதான். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து தொடங்கிய சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒரே சமயத்தில் அலறின. எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று பணியாளர்களுக்குத் தெரியவில்லை.

அதே விபத்தில் இன்னொன்றும் நடந்தது. ஒரு வால்வு மூடவில்லை, திறந்தபடியே நின்றுவிட்டது. ஆனால் கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கைப் பார்த்தவர்கள் வால்வு மூடிவிட்டது என்று நம்பினார்கள். ஏன் தெரியுமா? அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டவில்லை. மூடச் சொல்லிக் கட்டளை போனதை மட்டும் காட்டியது. "வீட்டுப்பாடம் எழுது என்று சொல்லிவிட்டேன்" என்பதும் "அவன் எழுதிவிட்டான், நோட்டைப் பார்த்தேன்" என்பதும் ஒன்றா? இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, இயங்குதளமே விழுந்தால்? லினக்ஸில் அதற்குக் 'கெர்னல் பேனிக்' என்று பெயர். அந்த நிலையில் அது தன் வட்டில் எழுத முயன்றால், இருக்கும் தகவலையும் கெடுத்துவிடும் ஆபத்து உண்டு. புத்தி தடுமாறியவர் கையில் பத்திரத்தைக் கொடுக்கலாமா? அதனால் 2005 வாக்கில் லினக்ஸில் 'கேடம்ப்' என்ற வழியைச் சேர்த்தார்கள். எல்லாம் நன்றாக இருக்கும்போதே நினைவகத்தின் ஒரு மூலையில் இரண்டாவதாக ஒரு சின்ன இயங்குதளத்தைப் படுக்க வைத்துவிடுவார்கள். பெரியது விழுந்த நொடியில் சின்னது எழுந்து, விழுந்தவரின் நினைவில் இருந்ததை எல்லாம் அப்படியே பதிந்து வைக்கும். மரண வாக்குமூலத்தைச் சாகிறவர் எழுதுவதில்லை, பக்கத்தில் நிற்கும் சுயநினைவுள்ள இன்னொருவர்தான் எழுதிக்கொள்கிறார். அதே போலத்தான். இதை உருவாக்கியவர்களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய விவேக் கோயல் போன்ற இந்தியப் பொறியாளர்களும் உண்டு என்பது நமக்குப் பெருமை.

இன்னொரு வழி 'வாட்ச்டாக்'. காவல் நாய் என்று பொருள். அது ஒரு தனிக் கடிகாரம். இயங்குதளம் சில நொடிகளுக்கு ஒருமுறை அதைத் தட்டி "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கடிகாரம் கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி எழுப்பும். 1997 ஜூலையில் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் இப்படித்தான் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்தது. பூமியில் இருந்த அதே மாதிரிக் கருவியில், ஒவ்வொரு நிகழ்வையும் பதிவு செய்யும் வசதியோடு ஓட்டிப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். முக்கியமான வேலை ஒன்று, முக்கியமில்லாத வேலை ஒன்றுக்காகக் காத்து நின்றிருக்கிறது. கோடிக்கணக்கான கிலோமீட்டர் தொலைவுக்குத் திருத்தத்தை அனுப்பிச் சரிசெய்தார்கள். எழுதிவைத்த குறிப்பு இல்லாவிட்டால் அங்கே போய்த் திறந்து பார்க்க யார் இருக்கிறார்கள்?

இத்தனை வழிகள் இருந்தும் 2003 ஆகஸ்ட் 14 நடந்தது. உங்களில் யாராவது அந்தச் சமயம் நியூயார்க் பக்கம் இருந்திருந்தால் மறந்திருக்க மாட்டீர்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. அதன் தொடக்கம் ஒஹையோ மாநிலத்தில் ஃபர்ஸ்ட் எனர்ஜி என்ற மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறை. எங்கே எந்த லைன் விழுந்தாலும் அலாரம் அடிக்கும் மென்பொருள் அங்கே இருந்தது. பிற்பகல் 2.14-க்குப் பிறகு அந்த அலாரம் சத்தமில்லாமல் நின்றுவிட்டது. அலாரம் திரையில் புதிதாக எதுவும் வரவில்லை. அலாரம் அடிக்கவில்லை, ஆகவே எல்லாம் நலம் என்று பணியாளர்கள் நினைத்தார்கள்.

2.41-க்கு அந்த அலாரம் ஓடிய சர்வர் விழுந்தது. மாற்று சர்வர் வேலையை ஏற்றது. அதுவும் 2.54-க்கு விழுந்தது. இங்கேதான் கவனிக்க வேண்டும். சர்வர் விழுந்த செய்தி கம்ப்யூட்டர் பிரிவின் ஆட்களுக்குப் பேஜரில் தானாகவே போய்விட்டது. அவர்கள் வந்து மறுபடி ஓடவிட்டார்கள். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து மின்கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்த பணியாளர்களிடம், "உங்கள் அலாரம் செத்திருந்தது, இப்போது சரியாக அடிக்கிறதா பாருங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. 3.05-க்கு முதல் பெரிய லைன் மரத்தில் உரசி விழுந்தது. அடுத்தடுத்து இன்னும் இரண்டு. பக்கத்து நிறுவனத்தார் போன் செய்து கேட்டபோதும், "எங்கள் திரையில் ஒன்றும் இல்லையே" என்ற நம்பிக்கைதான். தங்கள் அலாரம் செத்துவிட்டது என்று அவர்களுக்குப் புரியும்போது ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டது. நான்கு மணியைத் தாண்டிச் சில நிமிடங்களில் எல்லாம் இருண்டது.

லைன் விழுந்ததைச் சொல்ல அலாரம் இருந்தது, அலாரம் விழுந்ததைச் சொல்ல ஒன்றும் இல்லை. சர்வர் விழுந்ததைச் சொல்ல ஏற்பாடு இருந்தது, ஆனால் அந்தச் செய்தி தேவைப்பட்டவரை விட்டுவிட்டு வேறொருவரிடம் போனது. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். கரண்ட் போனதைச் சொல்லும் மணியை அதே கரண்டில் இணைத்தால் பிரயோஜனமில்லை, அதற்குத் தனி பேட்டரி வேண்டும் என்பார். அந்த மணியும் தூங்குகிற முதலாளியின் காதில் விழ வேண்டும், பூட்டிய அறைக்குள் அடித்து என்ன பயன்?

நம் நாட்டுக்குத் திரும்புவோம். 2023 ஜூன் 2 மாலை, ஷாலிமாரிலிருந்து நம் சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசாவின் பாலசோர் மாவட்டம் பகாநகா பஜார் ஸ்டேஷனில் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை என்ன சொன்னது? நேராகப் போகலாம் என்று சிக்னல் பச்சை காட்டியது. ஆனால் தண்டவாளம் கிளைப் பாதைக்குத் திரும்பியிருந்தது. சிக்னல் இணைப்புகளை மாற்றும் வேலையில் நேர்ந்த தவறுகளால், தண்டவாளத்தின் உண்மை நிலை ஒன்றாகவும் கருவி நம்பிய நிலை வேறொன்றாகவும் இருந்தது. 1979-ல் பார்த்தோமே அந்த வால்வு விளக்கு, அதே கதை நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து நம் ரயிலுக்கு நடந்தது.

இன்னும் வருத்தம் தருவது என்னவென்றால், அங்கே மாற்றுப் பாதைக் கருவிகள் இதற்கு முன்பே திரும்பத் திரும்ப வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டிருக்கின்றன. அதைச் சிக்னல் பிரிவுக்குத் தெரிவித்திருந்தால் அவர்கள் நடவடிக்கை எடுத்திருக்க முடியும் என்று அந்த அறிக்கையே குறிப்பிட்டது. நான்கு மாதங்களுக்கு முன், பிப்ரவரி 8 அன்று கர்நாடகத்தின் ஹொசதுர்கா ரோடு ஸ்டேஷனில் இதே போல் சிக்னல் ஒன்றும் பாதை ஒன்றுமாக இருந்ததைக் கவனித்த டிரைவர், சம்பர்க் கிராந்தி எக்ஸ்பிரஸை நிறுத்தி எல்லோரையும் காப்பாற்றினார். அந்த மண்டலத்தின் உயர் அதிகாரி ஒருவர் மறுநாளே எச்சரித்துக் கடிதமும் எழுதினார். செய்தி பிறந்தது, கடிதமாகவும் ஆனது. ஆனால் எல்லா ஸ்டேஷனிலும் போய் நோட்டைத் திறந்து பார்க்க வைக்கும் அளவுக்கு அது போய்ச் சேரவில்லை.

2024 ஜூலை 19 உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான மாற்றத்தால், உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு விழுந்தன. எழ முயன்றால் எழும்போதே மறுபடி விழுந்தன. காவலுக்கு வைத்த மென்பொருளே இயங்குதளத்தின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருந்ததால், அது விழுந்தபோது வீட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். பல இடங்களில் ஆட்கள் ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய் எழுப்பினார்கள்.

இந்த வரலாற்றிலிருந்து ஒரு இடைநிலை ஆசிரியனாக எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். பொறியாளர்களான நீங்கள் திருத்துங்கள்.

விழும் கம்ப்யூட்டர் தன்னால் முடிந்தவரை, என்ன நடந்தது, எப்போது நடந்தது, எவ்வளவு அவசரம் என்று தெளிவாகச் சொல்லட்டும். அந்தச் சொல் தன் வயிற்றுக்குள்ளேயே புதைந்து போகாமல், உடனே வெளியே இன்னொரு இடத்தில் பதிவாகட்டும். ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. வெளியே இருக்கும் ஒருவர் பெயர் வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். குரல் வராவிட்டால் அதைக் கோளாறு என்றே எழுத வேண்டும். கட்டளை போனதைச் சொல்லாமல் காரியம் நடந்ததைச் சொல்ல வேண்டும். பெயர் வாசிப்பவரையும் யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கடைசியாக, செய்தி அனுப்பியதோடு வேலை முடிந்ததாக நினைக்கக் கூடாது. யாருக்குப் பயன்படுமோ அவர் கையில் அது கிடைத்து, அவர் "கிடைத்தது" என்று சொன்ன பிறகுதான் முடிந்தது.

இன்று சேலம் அரசு மருத்துவமனையின் பதிவேடும், ராசிபுரத்து ஏ.டி.எம்.மும், மேட்டூர் மின்சாரமும், ரேஷன் கடைக் கருவியும் கம்ப்யூட்டரை நம்பித்தான் ஓடுகின்றன. அன்று விளக்கோடு தண்டவாளத்தில் நடந்த ரோந்துக்காரரின் வேலையைத்தான் இன்று நீங்கள் ஏ.சி. அறையில் உட்கார்ந்து செய்கிறீர்கள். "திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன் சார்" என்று இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்.

இன்றிரவு டியூட்டிக்குப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். திரை முழுவதும் பச்சையாக இருந்தால், அது நிஜமாகவே இந்த நிமிடத்துப் பச்சையா, இல்லை பழைய படம் நிற்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். உங்கள் அலாரம் நின்றுபோனால் அதை யார் சொல்வார்கள் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால், காலையில் மேலாளரிடம் அதைப் பேசிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

உங்கள் வேலையில் இதற்கு என்ன ஏற்பாடு இருக்கிறது என்று கீழே எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். ரயில்வேயிலும் மின்வாரியத்திலும் பணியாற்றி ஓய்வுபெற்ற உறவினர்கள் விட்டுப்போனதைச் சேர்த்தால் பிள்ளைகளுக்கு உதவும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நைட் ஷிஃப்ட் முடித்து வண்டி ஓட்டுபவர்கள் சற்று முகம் கழுவிவிட்டுக் கிளம்புங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்